தூங்கினால் மூச்சு மறக்கும் மகேஸ்வரி

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு நான் பஸ் ஓட்டினேன். வடமதுரையில் ஏறும் பெண்களில் மகேஸ்வரியை மட்டும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்காரவைப்பேன். அவளைத் தூங்கவிடக் கூடாது. அவள் அம்மா பேச்சாயி போட்ட உத்தரவு அது.

மகேஸ்வரிக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. விழித்திருந்தால் மூச்சு ஓடும். கண் அசந்தால் மூச்சு விடச் சொல்லி மூளை ஏவாது. தொட்டிலில் உதடு நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளையைக் கன்னத்தில் தட்டித் தட்டியே வளர்த்தார்கள். பெற்றவர்கள் இருவரும் முறை வைத்துக் கண் விழித்தார்கள். இன்ன நோய் என்று மதுரையில் சொன்னபோது அவள் சமைந்து சில வருஷமாகியிருந்தது. அதன்பிறகுதான் தூங்கும்போது மாட்டிக்கொள்ள மாஸ்க்கும் மெஷினும் வந்தன. கரண்ட் போனால் அவளும் எழுந்தாக வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் டாக்டர் ஒரு ஹார்மோன் மாத்திரை எழுதினார். திருவிழா சமயத்தில் மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பெண்கள் போடுகிற அதே ஜாதி. மூச்சைத் தூண்டும் குணமும் அதற்கு உண்டாம்.

"கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. பாப்போம். மாஸ்க்க விட்றாதீங்க. என்னயக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றாராம்.

சில மாதம் கழித்து ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவள், படியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, எனக்கு மூச்சு வாங்குதுண்ணே!"

அதுவரை எம்புட்டு ஓடினாலும் அவளுக்கு மூச்சு வாங்குவது தெரிந்ததில்லை; மாத்திரை கேட்க ஆரம்பித்திருந்தது.

"ஏண்டி, மூச்சு வாங்குறதுக்கா இப்புடிப் பல்லக் காட்டுற?" என்றாள் கூட வேலை பார்க்கும் ஜெஸ்ஸி. பஸ்ஸே சிரித்தது.

அடுத்து மாரியம்மன் பொங்கல் வந்தது. பேச்சாயியின் அக்கா மகள் ஜீவிதா முளைப்பாரி தூக்க வேண்டும்; மாதவிலக்கு நாள் இடித்தது. கடையில் மாத்திரை இல்லை. வீட்டில்தான் இருக்கிறதே என்று பேச்சாயி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அப்ப எனக்கு, அம்மா?" என்று மகேஸ்வரி கேட்டிருக்கிறாள்.

"சாமி காரியம்டி. அவ என்ன தலவலி, காச்சலுக்கா போடுறா? நீயும் நாலு நாளு விட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த மாத்திரை அவ்வூரில் எல்லாப் பெண்களுக்கும் திருவிழாவோடு முடிகிற மாத்திரை. பேச்சாயிக்கு அது வேறொன்றாகத் தெரியவில்லை. போதாததற்குக் கும்மி, கூட்டம் என்று மாஸ்க் போட்ட தூக்கமும் சரியாக இல்லை.

பொங்கல் முடிந்து வேலைக்கு வந்தவள், தலை பாரமாக இருக்கிறது என்றாள். சாயங்காலம் திரும்பும்போது, "ஏ புள்ள, வாயத் தொற" என்றேன். சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தால் தலை தொங்கியிருந்தது. ஜெஸ்ஸி உலுக்கினாள். "அண்ணே, ஒதடு கறுத்துருச்சுண்ணே!" வண்டியைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

பிழைத்துக்கொண்டாள். மாத்திரை நின்றதாலா, தூக்கம் கெட்டதாலா, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே பேச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி, நாந்தானப்பு அள்ளிக் குடுத்தேன்."

உள்ளே போனேன். மகேஸ்வரி மாஸ்க்கைக் கழற்றினாள்.

"மறுபடி மாத்திரை போட்டா முன்னமாரி மூச்சு வாங்குமாண்ணே?"

அது டாக்டருக்கே தெரியாது.

"மொதல்ல மாஸ்க்க மாட்டு, கழுத" என்றேன்.