ஏணி மாமாவின் பக்கத்து இருக்கை

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்தால் வந்த பெயர் இல்லை, உயரம் இல்லாததால் வந்தது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். மற்றவர்கள் தரையில் நின்றபடியே அடிக்கிற இடத்துக்கும் இவருக்கு ஏணி வேண்டும். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஏணி இருந்தாதானே நீங்கல்லாம் மேல ஏற முடியும்" என்பார். வாயில் குறைச்சலே கிடையாது.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. நிறம் கலப்பது அவள் வேலை. "சுவர் கொஞ்சம் வெயில் பட்ட மாதிரி வேணும்" என்று வீட்டுச் சொந்தக்காரர் மொட்டையாகச் சொன்னாலும், நாலு டப்பாவைத் திறந்து மூடி அந்த நிறத்தைக் கொண்டுவந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போனார்கள். ஏறி உட்கார்ந்ததுமே சண்டை ஆரம்பிக்கும். நேற்றுக் கழுவாமல் விட்ட பிரஷ்ஷில் தொடங்கி, அவர் சித்தப்பா எப்போதோ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது வரை நீளும். வேலை நடக்கும் வீட்டுக்குப் போய் இறங்கும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குள் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அதற்கென்று அந்த வண்டி இருந்தது.

முன்னால் இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தொட்டியும் கொண்ட பழைய பிக்கப் அது. ஒருநாள் மாமா அதை மெக்கானிக்கிடம் கொடுத்து, ஸ்பிரிங்கை மாற்றி, நன்றாகத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். புதிதாக வீடு கட்டுகிற இடமெல்லாம் குண்டும் குழியுமாக இருக்கிறதாம், வண்டியின் அடிவயிறு தட்டுகிறதாம். நம்பினோம். ஆனால் சிக்னலில் நிற்கும்போது நெட்டையான ஆட்களை மேலிருந்து கீழே பார்த்து அவர் தலையாட்டிய அழகைப் பார்த்தால் உண்மைக் காரணம் யாருக்கும் விளங்கிவிடும்.

அடுத்தது டயர். நான் டயர் கடையில் பில் போடுகிறேன். ஆண்கள் டயர் வாங்குவதைப் பார்த்துப் பார்த்தே என் பொறுமை போய்விட்டது. எந்த ரோட்டில் ஓடும், எவ்வளவு சுமக்கும் என்று கேட்டால் பதில் வராது. நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து டயரை ரசிப்பார்கள். கட்டிய பெண்டாட்டியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாமாவும் அப்படித்தான் ரசித்தார். பளபளவென்று பெரிய ரிம், அதைச் சுற்றி ஒல்லியாக ரப்பர், ரப்பரில் சேற்றில் வழுக்காமலிருக்கத் துருத்திக்கொண்டு நிற்கும் முரட்டுப் பட்டன்கள்.

"மாமா, இது பாரவண்டி டயர். பக்கமெல்லாம் கல்லு மாதிரி இருக்கும். நீங்க ஏத்துறது ரெண்டு ஏணியும் பெயின்ட் டப்பாவும்தான்."

"பாக்க எப்படி இருக்கு, அத சொல்லு."

"பாக்க நல்லாத்தான் இருக்கு."

"அப்ப போடு."

அதோடு விட்டாரா? டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண் வரைக்கும் காற்றடிக்கச் சொன்னார். முழுப் பாரம் ஏற்றினால் அந்த டயர் தாங்கக்கூடிய அதிக அளவு அது, வெறும் வண்டிக்கு அவ்வளவு கூடாது, வண்டிக் கதவோரம் காற்றளவு போட்டு ஒட்டியிருக்கிற தாளைப் பாருங்கள் என்று தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னேன். "டயர்லயே எழுதியிருக்கு, நீ என்ன புதுசா சொல்ற?" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து அக்கா முக்காலி போட்டு வண்டியில் ஏறினாள். சின்னக் கல் மேல் ஏறினாலும் அவள் இடுப்பில் வந்து இடித்தது. வேகத்தடை வந்தால் ஆள் ஒரு சாண் மேலே போய்க் கீழே வந்தாள். அதைவிடக் கொடுமை சத்தம். பட்டன்கள் தார் ரோட்டில் ஓடும்போது 'ஙொய்ங்' என்று ஒரே இரைச்சல். "பிரஷ் கழுவினீங்களா?" என்று அவள் கேட்டால், "பஸ் எங்க வருது?" என்பார் அவர். இரண்டு மூன்று தடவை கத்திப் பார்த்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர்களுடைய சண்டை நின்றுபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். ஒருநாள் குழியில் வண்டி இறங்கியபோது நாக்கையே கடித்துக்கொண்டாள். இறங்கி, முக்காலியைத் தூக்கித் தொட்டியில் போட்டாள்.

"நாளைலருந்து நான் பஸ்ல வரேன்."

சொன்னபடி பஸ்ஸில் போனாள். மாமாவுக்கு அது சவாலாகிவிட்டது. இருக்கைக்கு மெத்தை வாங்கினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். சைக்கிள்கள் முந்திக்கொண்டு போகுமளவுக்கு மெதுவாக ஓட்டினார். டயர் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கை வைத்தார். அக்கா முந்தின நாளே கலந்து கொடுக்கும் வாளியை அவள் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் மூடி பறந்துவிட்டது. பாதி முகம் ஆகாய நீலமாக வந்து இறங்கியவரைப் பார்த்து, வேலைக்குப் போன வீட்டு நாய் குரைப்பதா ஓடுவதா என்று முழித்ததாம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அவர் சும்மா சும்மா எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றது. காற்றுப் பார்க்க என்று வருவார். காற்று சரியாகவே இருக்கும். என் மேசை எதிரே உட்கார்ந்து, கழுவாத பிரஷ்ஷைப் பற்றி என்னிடம் பேசுவார். திட்ட ஆளில்லாமல் மனுஷன் வாடிப்போயிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பெரிய பெயின்ட் கடை ஒன்று அக்காவைக் கூப்பிட்டது. உட்கார்ந்த இடத்தில் நிறம் கலக்கிற வேலை, தலைக்கு மேல் ஃபேன். திங்கட்கிழமை காலையில் வந்து பதில் சொல்ல வேண்டும். "சரின்னு சொல்லலாம்னு இருக்கேன். பஸ்ல ஏறி இறங்கறதுக்கு அது மேல்" என்றாள் என்னிடம். மாமாவிடமும் மறைக்கவில்லை. சனிக்கிழமை கடை திறந்ததும் அவர் வந்து நின்றார்.

"எல்லாம் பண்ணிட்டேன். இன்னும் என்னதான் பண்ணணும்?"

"அவ சீட்ல ஒரு தடவையாவது உக்காந்து பாத்தீங்களா மாமா?"

சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அவர்கள் தினமும் போகிற வழியிலேயே ஓட்டினேன். பள்ளம் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஓட்டுகிறவருக்குப் பள்ளம் வருவது முன்னாலேயே தெரிகிறது, கையில் ஸ்டியரிங் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. கால் தரையில் எட்டாமல், மெத்தையோடு சேர்ந்து மாமா துள்ளினார். ஏதோ கத்தினார், எனக்குக் கேட்கவில்லை. முதல் வேகத்தடையில் கதவுப் பிடியைப் பிடித்தார். இரண்டாவதில் என் தோளைப் பிடித்தார்.

கடை வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இதுலயா அவ ஒரு மாசம் வந்தா?"

"ஆமா."

"நிறம் ஒண்ணுகூட தப்பா கலக்கலயே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வலிக்காத டயர் எது? அத மாட்டு."

இந்தக் கேள்வியை முதல்நாளே கேட்டிருக்கலாம். சின்ன ரிம், அதைச் சுற்றி நல்ல சதையாக ரப்பர், பக்கம் இளகிக்கொடுக்கிற ரோட்டு டயர் என்று எடுத்து வைத்தேன்.

"உயரம் கொறையுமா?"

"ஒரு இஞ்ச் கொறையும்."

வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். "கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுது" என்றார். கதவோரத் தாளைப் பார்த்து, வண்டியின் பாரத்துக்குத் தகுந்தபடி காற்றடித்து அனுப்பினோம். அக்கா கண்ணில் படாமல் இருக்க, திங்கட்கிழமை வரை வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவைத்தார்.

திங்கட்கிழமை காலையில் என்னையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். "நான் சொன்னா அவ நம்ப மாட்டா, நீயும் வா." முன்னால் அக்காவின் இருக்கையில் ஒரு வாளி, விளிம்பு வரை பெயின்ட், மூடி இல்லை. பெயின்ட் கடைக்குப் போக, பஸ் நிறுத்தத்தில் அக்கா கைப்பையோடு நின்றிருந்தாள். முன்பெல்லாம் மூன்று தெருவுக்கு அப்பாலேயே வண்டி வருவது கேட்கும். அன்று பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் திரும்பினாள்.

"என்னங்க, சத்தமே இல்ல? வண்டிக்கு உடம்பு சரியில்லயா?"

மாமா இறங்கி ஓடி, கதவைத் திறந்து காட்டினார். "பாரு. வீட்லருந்து இங்க வரைக்கும், ஒரு சொட்டு சிந்தல."

அக்கா முதலில் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது என்ன கலர்? யார் கலந்தது?"

"நான்தான்."

"பாத்திரம் தொடைக்கிற துணி மாதிரி இருக்கு. இத எந்த வீட்ல அடிக்கப் போறீங்க?"

"மாடி வீட்ல. ஹாலுக்கு."

"அவங்க கேட்டது இளம்பச்சை!"

அவளுடைய பஸ் வந்தது. கதவு திறந்தது. அக்கா பஸ்ஸைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மாமா முக்காலியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"இந்தக் கண்றாவிய மொதல்ல சரி பண்ணணும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு இஞ்ச் கொறஞ்சிருக்கு இல்ல?"

"எப்படித் தெரியும்?"

"ஏறினவளுக்குத் தெரியாதா? நல்லாத்தான் இருக்கு. வண்டிய எடுங்க."

வேகத்தடை வந்தது. வாளிக்குள் பெயின்ட் ஒருமுறை அசைந்து அடங்கியது. பெயின்ட் கடைக்குப் போகிற திருப்பம் வந்தபோது மாமா வேகத்தைக் குறைத்து அவளைப் பார்த்தார். அக்கா திருப்பத்தைப் பார்க்கவே இல்லை.

"இத்தன நாளா பிரஷ்ஷ கழுவினீங்களா இல்லயா?"

"கழுவினேன்."

"பொய். உங்க சித்தப்பா மாதிரியே பொய்."

"இப்ப எதுக்கு எங்க சித்தப்பாவ இழுக்கற?"

பின்னால் நான் ஒருத்தி இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். டயர் சத்தம் இல்லாததால் ஒரு சொல் விடாமல் எனக்கு எல்லாம் கேட்டது.