பாண்டீஸ்வரி பார்த்த வெள்ளை

எங்கள் மில்லில் பாண்டீஸ்வரிக்கு வெள்ளையைப் பார்ப்பதுதான் வேலை. வெளியே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளையில் பார்க்க என்ன இருக்கிறது என்று சேர்ந்த புதிதில் நானும் கேட்டேன். "எத்தனை வெள்ளை இருக்குன்னு உனக்குத் தெரியாதுட்டி மாரி" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ராஜபாளையத்தில் நூல் மில். அட்டைக் கூம்பில் சுற்றிய நூலைக் கோன் என்போம். வேறு பஞ்சில் நூற்ற கோன் ஒன்று கலந்துவிட்டால் டியூப் லைட்டில் தெரியாது. கறுப்புத் திரை போட்ட சின்ன அறையில், ஊதா விளக்கின் கீழ் வைத்தால் ஒன்று லேசாக மஞ்சளடிக்கும், ஒன்று நீலமடிக்கும். அந்த அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதினோரு வருஷமாக அவள் பார்க்கிறாள். அங்கிருந்து வரும் கோன்களைப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது நான்.

அந்த ஸ்டூல் அவளுக்கு முக்கியம். நாலு வருஷம் முன்னால் மம்சாபுரம் சாலை பிரிகிற விலக்கில் வண்டியிலிருந்து விழுந்து, வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். மில்லில் மற்ற வேலை எல்லாம் எட்டு மணி நேரம் நின்று, நடந்து செய்கிற வேலை. ஸ்டூல் போனால் அவளுக்கு வேலையே போன மாதிரிதான். வீட்டுக்காரர் இல்லை, மகள் சீவில்லிபுத்தூரில் காலேஜ் படிக்கிறாள்.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வெளியூர்க் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஒரு பெட்டியில் நாற்பதாம் நம்பர் நூலோடு அதைவிட மெல்லிசான அறுபதாம் நம்பர் கோன் ரெண்டு கலந்து போயிருக்கிறது. துணி நெய்து சாயம் போட்ட பிறகு பட்டை பட்டையாகத் தெரிந்ததாம். யார் விட்டது என்று தெரியவில்லை. எங்கள் செக்‌ஷனில் எல்லாருக்கும் கண் பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பாண்டீஸ்வரி அதைப் படித்துவிட்டு, "வந்து பாக்கட்டும், எனக்கென்ன" என்று போய்விட்டாள்.

மறுநாள் டீ நேரத்தில்தான் நான் கெடுத்தேன். தளவாய்புரத்தில் என் நாத்தனார் பொன்மணி நைட்டி தைத்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். புதுசாகத் தைத்ததை வாசல் கதவில் மாட்டிப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். நல்ல நீலம், கழுத்தில் பழுப்பு லேஸ். போனை எல்லாரிடமும் காட்டினேன். பாண்டீஸ்வரி பார்த்துவிட்டு, "வெள்ளை நைட்டியை வாங்கி எவ தொவைக்க? ஆனா சந்தனக் கலர் லேஸ் நல்லாருக்கு" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "நீலத்தைப் போயி வெள்ளைன்னு சொல்லுதியே. கண்ணுல பூச்சி கீச்சி பறக்குதாட்டி?" என்று சத்தமாகச் சிரித்தேன். சுற்றி நின்ற ஆறு பேரும் நீலம் என்றார்கள். அவள் மட்டும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் ஐயாதுரை அண்ணாச்சியைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினேன்.

"நீலம். இதுல என்ன சந்தேகம்?" என்றவர், விஷயம் தெரிந்ததும் அவளைப் பார்த்தார். "வெள்ளையப் பாக்கத்தானே தாயி உன்னைய உக்கார வச்சிருக்கு? நீயே நீலத்த வெள்ளைன்னா, அந்தப் பெட்டி எப்படிப் போச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

பாண்டீஸ்வரி டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரைக்குள் போனாள். அன்றைக்கு ஒவ்வொரு கோனையும் மூன்று தடவை பார்த்தாள். என் மேஜைக்குப் பெட்டி வரவே நேரமானது.

புதன்கிழமை வேலைக்கு வரவில்லை. வியாழன் கண் பார்க்கிறவர்கள் வந்தார்கள், அன்றைக்கும் வரவில்லை. வெள்ளிதான் கடைசி நாள். விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகளக் கேட்டேன், அவளும் நீலம்ங்கா" என்றாள். "நேத்துப் பூரா பச்சை எது, செவப்பு எதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாம் சரியாத்தான் தெரியுது. ஆனா தப்பாத் தெரியுதவளுக்கும் சரியாத் தெரியுத மாதிரித்தானே இருக்கும்? அந்தப் பெட்டி நான் விட்டதாத்தான் இருக்கும், மாரி."

எனக்குக் கோபம்தான் வந்தது, என் மேல். "எந்திரிட்டி, மில் பஸ்ஸு வந்துரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

கண் பார்க்க வந்திருந்த பெண்ணின் பெயர் ஜெபா, சீவில்லிபுத்தூர்க்காரி. குடோன் ஓரத்தில் மேஜை போட்டிருந்தாள். ஒரு புத்தகம், பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிக்குள் ஒளிந்த எண்கள். பாண்டீஸ்வரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது... ஜெபா பக்கம் திருப்புவதற்குள் சொன்னாள்.

"அக்கா, இம்புட்டு வேகமா யாரும் சொன்னதில்ல. உங்க கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல."

பாண்டீஸ்வரி நம்பவில்லை. என் போனைப் பிடுங்கி அந்தப் போட்டோவை நீட்டினாள். "அப்ப இது?"

ஜெபா பார்த்தாள். "வெள்ளை நைட்டி. ஏன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், அது நீலம்!"

ஜெபா சிரித்துவிட்டாள். "நைட்டி நீலமா இருக்கலாம்க்கா. போட்டோவுல வெளிச்சம் எங்கருந்து வருதுன்னு தெரியல பாருங்க. மூளை அதுவா ஒரு வெளிச்சத்த நெனச்சுக்கிடும். நிழல்ல எடுத்ததுன்னு நெனச்சா, நிழலோட நீலத்தக் கழிச்சிட்டு வெள்ளைன்னு சொல்லும். விளக்குல எடுத்ததுன்னு நெனச்சா, மஞ்சளக் கழிச்சிட்டு நீலம்னு சொல்லும். ரெண்டு பேரு கண்ணும் நல்ல கண்ணுதான்."

பாண்டீஸ்வரியின் முகம் அப்போதுதான் தெளிந்தது. "நான் எப்பவும் மொதல்ல விளக்கத்தானே பாப்பேன், பொறவுதானே கோனு! இதுல விளக்கே தெரியலயே!" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன்.

அடுத்தது ஐயாதுரை அண்ணாச்சி. முதல் எண்ணைச் சொன்னார். ரெண்டாவது பக்கத்தில் திணறினார். மூன்றாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எண்ணே இல்லயேம்மா" என்றார். ஜெபா குரலைத் தணித்து, "சின்ன வயசுலருந்தே பச்சையும் பழுப்பும் குழம்புமாண்ணே?" என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரி திரும்பி, மூலையில் கிடந்த வெற்று அட்டைக் கோன்களில் ரெண்டை எடுத்தாள். நாற்பதாம் நம்பருக்கு நுனியில் பச்சைக் கோடு, அறுபதுக்கு அந்த ஆவணியில்தான் பழுப்புக் கோடு மாற்றியிருந்தார்கள். ஊதா விளக்கில் அந்தக் கோடு சரியாகத் தெரியாது, ரெண்டும் ஒரே பஞ்சு என்பதால் நூலும் வித்தியாசம் காட்டாது. அதனால் அவளிடம் வருவதற்கு முன்னாலேயே நுனி பார்த்துப் பிரிப்பது எப்போதும் அண்ணாச்சியின் வேலை.

"அண்ணாச்சி, இது ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

அவர் வாங்கிப் பார்த்தார். "ஒண்ணுதான தாயி" என்றார். சொன்னதும் அவருக்கே புரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசு மனுஷன், ரெண்டு கோனையும் மெல்ல மேஜையில் வைத்தார்.

அவர் திட்டியதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. செக்‌ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியிருப்பேன். பாண்டீஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"வாயத் தெறக்காதட்டி. மூணு நாளு நான் கெடந்த கெடப்பு எனக்குத்தான் தெரியும். அவுக இப்பத்தான் அங்க போய் விழுந்திருக்காக."

அண்ணாச்சி அன்று மாலையே மேனேஜரிடம் தானாகப் போய்ச் சொன்னார். வேலை போகவில்லை. இனி கோன் நுனியில் எண்ணும் அச்சடித்து வரும் என்று முடிவானது. அது வர ரெண்டு மாசம் ஆகும்.

அதுவரை தினமும் காலையில் அவர் ஒரு கூடைக் கோனோடு கறுப்புத் திரைக்கு வெளியே வந்து நிற்பார். பாண்டீஸ்வரி வெளியே வந்து, கதவு வெளிச்சத்தில் பார்த்து, "இது பச்சை அண்ணாச்சி, இது பழுப்பு" என்று பிரித்துக் கொடுப்பாள். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டாள். நானாக இருந்தால் ஒரு நாளாவது குத்திக் காட்டியிருப்பேன். பத்தாம் நாளோ என்னவோ, கூடையை வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"தாயி, அந்த நைட்டி உனக்கு இன்னும் வெள்ளையாத்தான் தெரியுதா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப அது வெள்ளைதான்" என்றார்.