கல்லு மேடம் அழுத இடம்

குடிநீர் வாரிய அலுவலகத்தின் தரைத்தளத்தில், புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் 'கல்லு மேடம்'. அவள் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் எந்தப் பட்டப்பெயர்தான் உரியவர் காதுக்குப் போகாமல் இருந்திருக்கிறது?

குழாயில் தண்ணீரே வரவில்லை என்பவர்கள், வந்த தண்ணீர் நாறுகிறது என்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான் என்பவர்கள், எல்லோரும் அந்த ஜன்னலுக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தால் சும்மா வரமாட்டார்கள். ஒருவர் பாட்டிலில் மஞ்சள் தண்ணீரைப் பிடித்து வந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டுவார். இன்னொருத்தி குளிக்காத பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். கல்லு மேடத்தின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. கேட்டதை எழுதிக்கொண்டு, "பதிஞ்சாச்சு. ஆள் வருவாங்க. அடுத்தவங்க வாங்க" என்பாள். ஆள் வருவதும் வராததும் அவள் கையில் இல்லை. அவள் கையில் இருந்தது தன் முகம் ஒன்றுதான், அதை அவள் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாள்.

கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்ட மறுநாளும் அவள் சரியான நேரத்துக்கு வந்து ஜன்னலைத் திறந்தாள். அன்றுதான் அந்தப் பெயர் நிலைத்தது. "மனுஷியா இவ?" என்று கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்?

அந்த நேரத்தில் அவள் பக்கம் நின்றது, சொன்னால் நம்பமாட்டீர்கள், நாத்தனார். கூடப்பிறந்த அண்ணன் சமாதானம் பேச வந்தபோது அவனை வாசற்படி ஏற விடவில்லை. "எங்க அண்ணிக்குப் புருஷனா இருந்த வரைக்கும்தான் நீ எனக்கு அண்ணன். இப்ப நீ யாரோ, நான் யாரோ" என்று அவன் முகத்திலேயே கதவைச் சாத்தினாள். ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அதோடு ஊர் பிலிம் சொசைட்டிக்குச் செயலாளரும்கூட. "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தா கிறுக்குப் பிடிச்சிடும், கிளம்புங்க அண்ணி" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பிலிம் சொசைட்டி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு மாடி ஹால். கீழேயிருந்து வார்னிஷ் வாடை ஏறிவரும். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, சுவரில் வெள்ளைத் திரை, ஐம்பது அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு வருஷமும் மழை விட்ட பிறகு, வெளிநாடுகளில் அண்மையில் வந்த படங்களைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்றாகச் சாயங்காலம் காட்டுவார்கள். பேச்சு புரியாது. அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் பார்த்த முதல் படத்தில், பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில், ஒரு பஸ் டிரைவர் தன் வேலையின் கடைசி நாளில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் கதை. சக்கரத்தைத் துடைத்து முடித்து, டிரைவர் சீட்டைப் பழைய துணியால் ஒருமுறை தட்டினார். அந்தத் தட்டலில் கல்லு மேடத்துக்குள் ஏதோ உடைந்தது. கணவன் போனபோது வராத அழுகை, அம்மா செத்தபோதுகூட வராத அழுகை, குபுகுபுவென்று வந்தது. இருட்டில் நாத்தனார் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும் வரை விடவில்லை.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மனசு விட்டு அழுவாள். மணிக்கட்டில் நாத்தனாரின் பிடி இருக்கும். திங்கட்கிழமை ஜன்னலைத் திறக்கும்போது உடம்பு இறகாக இருக்கும். பஸ் செலவைத் தவிர அவளுக்கு வேறு மருந்துச் செலவே கிடையாது.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "நீ மட்டும் முன்னாடியே பாத்துட்டு வந்து பக்கத்துல உக்காராதே. எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும், கதை தெரிஞ்ச ஆள் வேண்டாம்."

"சத்தியமா பாக்க மாட்டேன் அண்ணி. எந்தப் படமா இருந்தாலும் முதல் தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று நாத்தனார் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

செயலாளரே பார்க்காமல் படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவளுக்கும் ஒருமுறை தோன்றத்தான் செய்தது. கேட்டாள். "அதெல்லாம் டாக்டரும் போட்டோகிராபரும் பாத்துப்பாங்க. நான் ஹால் பிடிக்கிறது, போஸ்டர் ஒட்டுறது, அவ்வளவுதான்" என்று பதில் வந்தது. டாக்டர் என்றால் பல் டாக்டர், சொசைட்டியின் பொருளாளர். போட்டோகிராபர் கல்யாண ஆல்பம் போடுகிறவர். நாத்தனாரோடு சேர்த்து இந்த மூன்று பேர்தான் குழு. வியாழக்கிழமைதோறும் டாக்டர் வீட்டில் கூட்டம் நடக்கும். கணக்கு வழக்கு என்று சொல்வார்கள்.

குழுவில் ஒரு விநோதம் இருந்தது. படம் முடிந்ததும் யாராவது ஒருவர் மட்டும் தனியாக எல்லா நாற்காலிகளையும் அடுக்குவார். ஒரு வாரம் டாக்டர், ஒரு வாரம் போட்டோகிராபர். மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். "இது என்ன சட்டம்? ஆளுக்குக் கொஞ்சம் அடுக்கினா தேய்ஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். "குழுவோட விதி அண்ணி, நீங்க கண்டுக்காதீங்க" என்றாள் நாத்தனார். கண்டுக்காமல் இருக்க இவளுக்கு மனசு வருமா? அன்று மாட்டிக்கொண்டவர் யாரோ அவரோடு சேர்ந்து தானும் அடுக்கிவிட்டுத்தான் போவாள்.

இந்த வருஷம் ஆறு படங்கள். ஐந்தாவது படத்தில்தான் அது நடந்தது.

படத்தில் ஒரு பெண் மாடியில் துணி காயப்போடுகிறாள். வெயில் அடிக்கிறது. ஒரு சின்னப் பையன் ஈரத் துணிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடுகிறான். பயப்பட எதுவுமே இல்லை. பின்னணியில் இசைகூட இல்லை. அப்போது நாத்தனார் "அய்யோ" என்று அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். உடனே கல்லு மேடத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. எதற்கு அழுகிறோம்? திரையில் இன்னும் துணிதானே காய்கிறது!

அதற்கப்புறம்தான் கைப்பிடிச் சுவர் சரிந்தது. ஹால் முழுக்க ஒரே மூச்சாக "ஹா" என்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் திரும்பினாள். நாத்தனார் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் டாக்டரும் போட்டோகிராபரும், அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்ப்பதுபோல, கழுத்தை நீட்டி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்தது. மனசு என்னவோ செய்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. நான்கு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருக்கும் குறுகலான அறைக்குப் போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மூவரும் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இன்னிக்கு ரொம்பத் தள்ளிச் சொன்னது டாக்டர்தான், நாற்காலி அவர் தலையில. மாடி சீன்லதான் அண்ணி அழுவாங்கன்னு வியாழக்கிழமை படம் பாத்தப்பவே நான் சொன்னேனா இல்லையா?" இது நாத்தனாரின் குரல்.

"கையைப் பிடிச்சு நசுக்கினா யாருக்குத்தான் அழுகை வராது? இது கள்ளாட்டம் டீச்சர்" என்றார் டாக்டர். "ஆஸ்பத்திரி சீன் வரைக்கும் விட்டிருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன்."

"போன வருஷத்திலேருந்து இதே கதைதான்" என்று போட்டோகிராபரும் சேர்ந்துகொண்டார். "இவங்க பிடிச்சா அவங்க அழறாங்க. நமக்கு எங்கேருந்து ஜெயிக்கிறது?"

"என் அண்ணி, என் கை. உங்களுக்கு எங்கே எரியுது?" என்றாள் நாத்தனார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

கல்லு மேடம் கையிலிருந்த நாற்காலிகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். எத்தனை ஞாயிறு, எத்தனை பிடி! ஒவ்வொரு பிடியையும் அவள் பாசம் என்றுதானே நினைத்திருந்தாள்? அவர்கள் அடித்த கூத்துக்குக் கூலி வாங்காமல் நாற்காலி வேறு அடுக்கியிருக்கிறாள். கணவன்கூட இப்படிச் செய்யவில்லை. "எனக்கு உன்னோட வாழப் பிடிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனான். நாத்தனாரோ கூடவே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள். எல்லாவற்றையும்விட ஒன்று அவளுக்கு ஆறவே இல்லை. பிடித்த உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாயைத் திருகியதுபோல.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் நாத்தனார் இரண்டு முறை போன் செய்தாள். "தலைவலி" என்று ஒருமுறையும், "வேலை" என்று ஒருமுறையும் சொல்லி வைத்துவிட்டாள். சொசைட்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று திங்கட்கிழமை நினைத்தாள். வெள்ளிக்கிழமை வேறு மாதிரி நினைத்தாள். நான் ஏன் ஓடி ஒளிய வேண்டும்?

கடைசிப் படத்துக்கு ஹால் நிரம்பி வழிந்தது. அவள் வழக்கமான ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்ததும், காலையில் ஜன்னலைத் திறக்கும்போது மாட்டிக்கொள்ளும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒரு தாய் பல வருஷம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வளர்ந்துவிட்ட மகள் கோபப்படவில்லை, அழவும் இல்லை, மரியாதையாக உட்கார வைக்கிறாள். குளிக்கப் போகும் அம்மாவிடம், விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்திருந்த புதுத் துண்டை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுகிறாள். தாய் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த இடத்தில் ஹாலில் மூக்கு உறிஞ்சாத ஆள் இல்லை. முன்வரிசைக்காரர் ஒருவர் வாய்விட்டே அழுதார். கல்லு மேடத்தின் மணிக்கட்டில் நாத்தனாரின் கை வந்து விழுந்தது. இறுகியது. இன்னும் இறுகியது.

அழுகை திரண்டு வந்தது. அவள் அதை விழுங்கினாள். திரையில் துண்டைப் பார்த்தாள். பார்த்ததைப் புகாராக மனசில் எழுதிக்கொண்டாள்: தாய், மகள், துண்டு. அடுத்தவங்க வாங்க. நாத்தனாரின் கை மெதுவாகத் தளர்ந்து விலகிக்கொண்டது.

விளக்கு எரிந்தது. மூன்று பேரும் ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லு மேடம் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னிக்கு யாரும் ஜெயிக்கல. மூணு பேரும் சேர்ந்தே அடுக்குங்க."

டாக்டர் அசடு வழிந்தார். போட்டோகிராபர் காமிராப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். அவள் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்து முன்னால் நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. படத்தால் அல்ல, அது பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணி, நான் பண்ணினது தப்புதான். முதல்ல விளையாட்டா ஆரம்பிக்கல அண்ணி. உங்களுக்கு அழுகை வந்தா அதுதான் நல்ல படம்னு நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். அப்புறம் எங்கே அழுவீங்கன்னு பேச ஆரம்பிச்சோம்... அது பந்தயமாயிடுச்சு. முதல் நாள் பிடிச்சேனே, அந்தப் பஸ் டிரைவர் படம், அது நிஜம் அண்ணி. அன்னிக்கு எனக்கும் கதை தெரியாது. என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க. இப்படி இருக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு." சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் உடைந்தது. மரச்சாமான் கடை வாசலில், விலைச்சீட்டு தொங்கும் கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று விசும்பி விசும்பி அழுதாள்.

நாத்தனார் முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை கல்லு மேடம் பொறுமையாகக் கேட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"பதிஞ்சாச்சும்மா" என்றாள். "ஆள் வருவாங்க."

சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் அந்தத் துண்டை நினைத்துப் பார்த்தாள். அந்தத் தாயையும், நீட்டிய கையையும், மடிப்புக் கலையாத அந்தப் புதுத் துணியையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை, அழலாம். இறங்க வேண்டிய இடம் வரும் வரை முயன்று பார்த்தாள். வரவில்லை.