ஐந்து சேலையும் ஒரு கேக்கும்

சிவமணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் கடலோரத்துப் பெரிய ஹோட்டலில் தங்கியிருக்கிறாள். ஐந்து நாள் தங்கியதாக ஒருமுறை சொன்னாள். பொய் சொல்லிப் பழகாதவர்கள் பொய் சொல்லப் புறப்பட்டால் என்ன வரும் என்பதற்கு அவள் கதையே போதும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். இராணுவத்திடம் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்பு வந்து சேர அவளுக்குப் பதினொரு நாள் பிடித்தது. வெள்ளவத்தையில் சின்னம்மா பாலேஸ்வரி வீட்டு முன்னறையில் ஒரு கட்டில் கிடைத்தது. வடக்கிலிருந்து வந்தவள் என்று பொலிசில் பதிந்த துண்டு எந்நேரமும் கைப்பையில் இருக்கும்.

மாப்பிள்ளை வரதராசா ஒரு குளிர்தேசத்தில் தொழிற்சாலை வேலை. இரண்டு கிழமை லீவில் வந்து தாலி கட்டினான். படத்தில் பார்த்ததைவிட நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. பரவாயில்லை என்று இரண்டாம் நாளே அவளுக்குப் பட்டுவிட்டது. நாலாம் நாள், அவன் கடைக்குப் போய்வரும் அரைமணி நேரமும் நீளமாகத் தெரிந்தது. அவனோ திரும்பிப் போகவேண்டியவன். விசா கிடைத்தால்தான் அவள் பின்னால் போகலாம்.

அந்தத் தெருவில் விசாப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுப்பவர் முத்துலிங்கம். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் வாய் அது.

“பிள்ளை, உங்கட தாலியை வெள்ளைக்காரன் நம்பமாட்டான். படம் வேணும். நல்ல ஹோட்டலிலை அஞ்சு நாள் தேனிலவுக்கு நிண்டதெண்டு காட்டவேணும்.”

“ஒரு நாளுக்கு மேலை எனக்குக் கட்டாது அண்ணை,” என்றான் வரதராசா.

“அப்ப ஒரு நாளிலையே அஞ்சு சீலை மாத்திக் கட்டட்டும். ஆர் எண்ணிப் பாக்கப்போறான்?”

சொல்பவருக்கு என்ன, இலேசு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் பயணப்பையோடு காலிமுகத்திடல் பக்கம் போய் இறங்கினார்கள். ஹோட்டல் வாசலில் சோதனைக்கு நின்ற பெண் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, விற்கப் போகிறாயா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தாள். சிவமணிக்கு முகம் சிவந்துவிட்டது.

அறையில் மெத்தை கசங்கிவிடுமென்று அவள் விளிம்பில்தான் இருந்தாள். சின்னம்மா வீட்டில் கடலும் ரயிலும் சேர்ந்து இரையும். இங்கே கடல் கண்ணாடிக்கு அப்பால் சத்தமில்லாமல் கிடந்தது. பல்கனி மேசையில் புதுத் தம்பதிக்கென்று ஹோட்டல்காரர் ஒரு கேக் வைத்திருந்தார்கள். மேலே சிவப்புச் சீனிப்பூ ஒன்று ஒரு பக்கம் சரிந்திருந்தது. வரதராசா கத்தியை எடுத்தான்.

“இஞ்சேருங்கோ, இண்டைக்கு வெள்ளி. இதுக்குள்ள முட்டை கிடக்கும். நீங்கள் வேணுமெண்டால் சாப்பிடுங்கோ.”

அந்தத் தேசத்தில் கிழமை பார்க்காமல் எல்லாம் தின்று பழகியவன்தான் அவன். ஆனாலும் கத்தியைக் கீழே வைத்தான்.

“நீர் சாப்பிடாமல் நான் மட்டும் என்னெண்டு? நாளைக்கு ரெண்டுபேருமாச் சாப்பிடுவம்.”

தாலி கட்டியபோது வராத கண்ணீர் சிவமணிக்கு அப்போது வந்தது. இவனோடு எந்தக் குளிரிலும் இருக்கலாம் என்று நினைத்தாள்.

வரதராசாவின் கமராவில் படம் எடுத்தவர் அறைக்குத் தேநீர் கொண்டுவந்த ஹியூபேட். கொட்டாஞ்சேனைக்காரர், நல்ல மனிதர். ஏன் இப்படிச் சேலை மாற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மிஸ், கொஞ்சம் கிட்ட நில்லுங்க. கலியாணம் கட்டினவங்கதானே?” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது சேலைக்குப் பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவது சேலையோடு, பொழுது சாய முன்னரே, பிலிம் ரோலில் இருந்த முப்பத்தாறு படமும் முடிந்தன.

வரதராசா போய் ஏழு மாதத்தில் தூதரகத்தில் நேர்முகம் வந்தது. முத்துலிங்கம் சொல்லிக்கொடுத்த நாற்பது பதில்களையும் சிவமணி தேவாரம்போலப் பாடமாக்கியிருந்தாள்.

“ஹோட்டலில் எத்தனை நாள் தங்கினீர்கள்?” என்று மொழிபெயர்க்கும் பெண் கேட்டாள்.

“அஞ்சு நாள்.”

அதிகாரி ஐந்து படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஐந்து நிறச் சேலை. ஐந்திலும் அதே கேக், வெட்டுப்படாமல், அதே பக்கம் சரிந்த சீனிப்பூவோடு.

“ஐந்து நாளும் இதை ஏன் வெட்டவில்லை என்று கேட்கிறார்.”

நாற்பது பதில்களில் இதற்குப் பதில் இல்லை. அதனால் உண்மை வந்துவிட்டது.

“அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் முட்டை தின்னமாட்டம்.”

மொழிபெயர்ப்பைக் கேட்ட அதிகாரி பேனாவை மூடினார். “ஐந்து நாளும் வெள்ளிக்கிழமையா?”

உண்மையான திருமணம் என்று நம்புவதற்கில்லை எனக் கடிதம் வந்தது. மேன்முறையீட்டில் இரண்டு வருடம் போனது. கிழமைக்கு ஒரு முறை வந்த தொலைபேசி மாதத்துக்கு ஒரு முறையாகி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றாகி, மூன்றாம் வருடம் கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு விவாகரத்துப் பத்திரம் வந்தது. கூடவே ஒரு துண்டு: ‘அம்மா படுக்கையில். இனித் தனிய என்னாலை ஏலாது. என்னை மன்னியும்.’

சின்னம்மா அவனை மண் அள்ளித் திட்டினாள். சிவமணி திட்டவில்லை. “பொய்யைச் சொன்னது நான்தானே சின்னம்மா,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

அதே முன்னறையில் இப்போது பிளவுஸ் தைக்கிறாள். வெளிநாடு போகவிருக்கும் புதுப்பெண்கள்தான் அதிகம் வருவார்கள். அளவெடுக்கும்போது அவர்கள் விசாவைப் பற்றியும் படத்தைப் பற்றியும் கேட்டால், “நடந்ததைச் சொல்லுங்கோ பிள்ளை,” என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள்.

ஆனால் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து அந்த அதிகாரிக்கு அவள் எத்தனையோ தடவை பதில் சொல்லியாயிற்று. ஐயா, நாங்கள் நின்றது ஒரு நாள்தான். சனிக்கிழமை காலை அந்தக் கேக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். திடலில், கடலைப் பார்த்த மதிற்கட்டில் இருந்து, சனங்கள் போய்வரும் இடத்தில் அவர் ஒரு துண்டு பிய்த்து என் வாயில் தீத்திவிட்டார். சீனிப்பூவை எனக்கே தந்தார். வாயோரத்தில் ஒட்டியிருந்ததைத் தன் விரலால் துடைத்துவிட்டார். நான் வெட்கத்தில் சுற்றிப் பார்த்தேன். ‘ஆர் பாத்தாலென்ன, நீர் என்ரை மனிசிதானே’ என்றார்.

அதற்குத்தான் படம் இல்லை. முப்பத்தாறும் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டன.