ராக்கெட்டுக்கு வெட்டிய வேம்பு

2025 செப்டம்பர் 14, ஞாயிறு. மழை இல்லை, மேல்காற்று சங்கரன்கோவில் தெருப்புழுதியை வாரி வீடுகளுக்குள் இறைத்துக்கொண்டிருந்தது. அன்றுதான் பெத்துராஜ் தம் வீட்டு வேப்பமரத்தை வெட்ட ஆள் வரச்சொன்னார்.

ஓர் அலுவலகத்தில் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்தி ஓய்வுபெற்றவர் அவர். அதற்கே அலுத்துக்கொண்டவர், ஓய்வுக்குப் பின் நாட்டையே நிலாவுக்கு நகர்த்தத் தொடங்கினார். தொலைக்காட்சி விவாதங்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வகுப்பெடுப்பார்.

"ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்க விட்டா, ராக்கெட்டு இலங்கையச் சுத்திப் போவணும். எரிபொருள் தண்டம். குலசையில இருந்து விட்டா நேரே கடல்தான். சின்ன ராக்கெட்டு, சின்ன செயற்கைக்கோள். அதாம்வே நம்ம தந்திரம்! ரெண்டாயிரத்து நாப்பதுல நிலாவுல நம்ம ஆளு நிப்பான்."

இந்த 'நம்ம'வில் அவருடைய பங்கு, விளம்பர இடைவேளைகளிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது மட்டுமே.

குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதள வேலை தொடங்கியதும், அங்கிருந்து கிளம்பும் முதல் ராக்கெட்டைத் தம் மொட்டைமாடியிலிருந்தே பார்ப்பதென முடிவுசெய்தார். கிழக்கு வானத்தை வேம்பு மறைத்தது. அதன் நிழலில் இஸ்திரி வண்டி போட்டுப் பிழைப்பவள் ஹெலன்.

"மரம் போயிட்டா, சூட்டுப் பொட்டிய வச்சுக்கிட்டு வெயில்ல எங்கன நிக்க, அண்ணாச்சி?"

"ஏட்டி, தேசமே வானத்துக்குப் போவுது. நீ நிழலுக்கு அழுத!"

"குலசை கெழக்கதான் இருக்குன்னு யாரு சொன்னா?"

"குலசை தசராவுக்குப் போற வண்டியெல்லாம் கழுகுமலை ரோட்டுல கெழக்கதானட்டி போவுது? போயி சட்டையத் தேயி."

மாலைக்குள் மரம் விறகாயிற்று. ஹெலனின் தலைக்கு மேல் வெறும் வானம். பெத்துராஜ் மாடியேறினார், அவளுக்குப் புத்தி புகட்டவேண்டும் என்று கைப்பேசி வரைபடத்தில் குலசையைத் தேடி, அது காட்டிய தென்கிழக்குத் திசைக்கு நிமிர்ந்தார். எதிரே வானம் இல்லை, சுவர் இருந்தது. வாஸ்து பார்த்து அவரே கட்டிய மாடிப்படி அறை. வண்டிகள் சாலைக்காகச் சுற்றிப் போகின்றன என்பதும், ராக்கெட்டுக்குக் கழுகுமலை ரோடு வேண்டாம் என்பதும் அந்த அறிவாளிக்கு அப்போதுதான் உறைத்தன. கைப்பேசியை உதறிப் பார்த்தார். சுவர் நகரவில்லை.

அவர் சுவரைப் பார்த்து நின்றதையும் முகம் போன போக்கையும் கீழிருந்து பார்த்த ஹெலனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப ராக்கெட்டு பாக்க அந்த ரூம இடிச்சிருவியளா, அண்ணாச்சி?"

"மாட்டேன்."