ஆறு வயதில் வந்த காய்ச்சல்

முர்தினி கணவரின் முதுகில் தைலம் தடவி, செல்லாக்காசு ஒன்றின் விளிம்பால் கழுத்திலிருந்து விலாப் பக்கமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோடு கோடாகச் சிவந்தது.

"நல்லா அழுத்து. உடம்புக்குள்ள காத்து புகுந்திருக்கு," என்றார் பர்ஜான்.

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க."

சலாத்திகா ஊரில் சளியோ இருமலோ, எது வந்தாலும் காற்றின் மேல்தான் பழி, காசுதான் மருந்து. முர்தினியோ இருபத்திரண்டு வருடம் சுகாதார நிலையத்தில், ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியவள். ஆராய்ச்சிக்காக வருடத்துக்கொரு முறை அதே நூறு வீட்டாரின் ரத்தம் வரும். எந்தக் காய்ச்சலை உடம்பு இன்னும் நினைவில் வைத்திருக்கிறது, எதைக் கைவிட்டது என்று அங்குள்ள டாக்டரம்மா பார்ப்பார். அவ்வளவும் தெரிந்தவள், போன மழைக்காலத்தில் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் இந்த முதுகைச் சுரண்டியே பொழுதைக் கழித்துவிட்டாள். ஐந்தாம் நாள் அவருக்கு மூச்சு முட்டியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பஸ் ஓட்டிய காலமெல்லாம் கிராம்புச் சிகரெட் குடித்த நுரையீரல், இன்னொரு முறை தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

"நாளைக்குச் சுகாதார நிலையத்துல சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடுறாங்க, வாங்க."

"அதான் ஒரு தடவை வந்துட்டுப் போயிடுச்சே. மறுபடி எதுக்கு வரப்போகுது?"

"உங்க ரத்தத்தை டாக்டரம்மா பாத்தாங்க. போன வருசக் காய்ச்சலோட தடம் பாதிக்கு மேல தேஞ்சுபோச்சாம். அதுவும் வருசா வருசம் சட்டை மாத்திக்கிட்டு வருதாம். நீங்க ஆறு வயசுல பாத்த பழைய காய்ச்சல்தான் இன்னும் கெட்டியா இருக்காம்."

பர்ஜான் சிரித்துவிட்டார். "அறுபத்தெட்டாம் வருசம் வந்ததா! பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க. நாங்க அஞ்சு பேரும் ஒரே பாயில கிடந்தோம். அம்மா இஞ்சியும் பனைவெல்லமும் கொதிக்கவெச்சு ஒரே குவளையில தருவாங்க. தம்பி என் பங்கையும் குடிச்சிட்டு, தூங்குற மாதிரி கிடப்பான், திருட்டுப் பய." தோளில் வழிந்த தைலத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பாயில இருந்தவங்கள்ல இப்ப நான் மட்டும்தான்."

முர்தினியின் கை நின்றது. "முப்பத்தஞ்சு வருசமா முதுகு தேய்க்கிறவ பாத்த காய்ச்சல் எதுவும் உங்க உடம்புல நிக்கல. அந்தப் பாய்தான் நிக்குது."

"என்னடி, பொறாமையா?"

"பயம்."

தைலப் புட்டியை மூடினாள்.

"இனிமே நான் சுரண்ட மாட்டேன். காலைல எட்டு மணிக்கு என்கூட வர்றீங்களா, இல்லையா?"

பர்ஜான் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒருமுறை இருமினார். பிறகு வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். "எட்டு மணிக்குத்தானே?" என்ற குரல் மட்டும் உள்ளே வந்தது.