சிங்கராஜா வீட்டுக் கம்பளம் சிவந்தது

ஸ்ரீவில்லிபுத்தூரில் துணி வெளுப்பவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். கம்பளம் வெளுக்க எலியேசர் ஒருவர்தான் இருந்தார். மடவார் வளாகத்துக்கு மேற்கே, வயலை ஒட்டிய ஒரு பெரிய கிணற்றடிதான் அவர் தொழில் செய்யும் இடம். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் இளவயதில் வேலை பார்த்தபோது படித்துக்கொண்ட வித்தை அது. மலைக்குளிர் நெஞ்சுக்கு ஆகாமல் போகவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மனைவி செல்லத்தாயோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

கம்பளம் விரித்திருக்கும் வீடுகள் அந்தப் பக்கத்தில் குறைவு. சில வக்கீல் வீடுகள், ராஜபாளையத்துப் பஞ்சு ஆலை முதலாளிகள், இரண்டொரு தேவாலயங்கள், அவ்வளவுதான். ஆனால் கம்பளம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அதன் நிறத்தைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. வெளுத்துத் திரும்பும்போது நிறம் அந்த நினைப்போடு ஒத்துப்போகாவிட்டால் வண்டி கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிடுவார்கள்.

ஒருமுறை சபை உபதேசியார் தேவநேசன், தம் ஆலயத்துக் கம்பளத்தைச் சுருட்டியபடியே திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்.

"எலியேசர், இது நம்ம கம்பளம் இல்ல. நம்மது பழுப்பு. இது பச்சை."

"நம்மதுதான் ஐயா. பச்சை அடியில கெடந்துருக்கு. அழுக்கு போனதும் மேல வந்துருச்சு."

"சபையார் அம்புட்டுப் பேரும் பழுப்புலயே பழகியிருக்காக. பச்சையப் பாத்துட்டு ஜெபத்துல கவனம் இல்ல."

"தப்பு என்மேலதான் ஐயா. மொதல்லயே சொல்லியிருக்கணும். கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க. சபையார் நடக்க நடக்கப் பழுப்பாயிரும்."

உபதேசியார் சமாதானமாகிப் போனார். செல்லத்தாய்க்குத்தான் ஆறவில்லை. "எது சொன்னாலும் 'தப்பு என்மேலதான்'னு நிக்கிறீக. பாக்காமலே ஒத்துக்கிட்டா எப்படி?" என்று கேட்டாள்.

"ஒத்துக்கிட்டா அவிய கோவம் எறங்கும். எறங்குன பொறவு காரணத்தப் பாத்துக்கிடலாம்" என்றார் எலியேசர். புகார் சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் கோபம் இறங்கியதும் காரணத்தை மறந்துவிட்டுப் போனார்கள். ராஜபாளையத்துச் சிங்கராஜா அப்படிப்பட்டவர் இல்லை.

சிங்கராஜா பஞ்சு அரவை ஆலை முதலாளி. இயந்திரம் ஒன்று நின்றுபோனால், அது ஏன் நின்றது என்று தெரியும்வரை மறுபடி ஓட விடமாட்டார். அவர் வீட்டு மாடி அறையில் ஒரு காஷ்மீரத்துக் கம்பளம் கிடந்தது. மதராஸிலிருந்து ஒரு பஞ்சு வியாபாரி விருந்தாளியாக வரப்போகிறார் என்று அவசரமாக அதை வெளுக்க அனுப்பினார்.

எலியேசர் வழக்கமாகப் பூந்திக்கொட்டை நுரையில்தான் கம்பளம் வெளுப்பார். இந்தக் கம்பளத்தில் ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. அதைத் தூசி தட்டும்போது சின்னச் சின்ன எலும்புத் துண்டுகளும் விழுந்தன. பூனை ஏதாவது இழுத்துவந்து தின்றிருக்கும் என்று பெருக்கித் தள்ளிவிட்டார். பிசுக்குக்காகச் சலவைச் சோடா சேர்த்தார். அவசரத்தில் அலசலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பொழுது மங்கும் வேளையில் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் ராஜா வீட்டு ஆள் வந்து நின்றான். உடனே வரச் சொன்னார்களாம். எலியேசர் பஸ் ஏறி ராஜபாளையம் போனார்.

மாடி அறையில் கம்பளம் விரித்துக் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் ரத்தம் சிந்தியதுபோலச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சிங்கராஜா அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ரெங்கம்மாள் கதவோரமாக உட்கார்ந்து வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாருய்யா. கொலை நடந்த வீடு மாதிரி இருக்கு. நாளைக்கு விருந்தாளி வாராரு."

"தப்பு என்மேலதான் ராஜா. சோடா கூடிப்போச்சு. இப்பவே கொண்டுபோயிப் பழையபடி ஆக்கித் தாரேன்."

"சோடா கம்பளம் பூராத்தான போட்ட? இங்க மட்டும் ஏன் செவந்துச்சு?"

கேள்வி நியாயமானது. எலியேசர் குனிந்து பார்த்தார். புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடக்கவில்லை. பிறை வடிவத்தில் கிடந்தன. பிறைக்கு நடுவே, ஒரு சாப்பாட்டு இலை அளவுக்கு, கறையே இல்லாத இடம். அதற்கு எதிரே ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து கம்பளி படிந்துபோயிருந்தது. எலியேசருக்கு எலும்புத் துண்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. கூடவே இன்னொன்றும். சிங்கராஜாவுக்குக் குடல்புண் என்றும், காரமும் எண்ணெயும் கறியும் கூடாதென்று வைத்தியர் விலக்கியிருக்கிறார் என்றும், ரெங்கம்மாள் தன் கையாலேயே மோர்க்கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள் என்றும் கம்பளத்தைக் கொண்டுவந்து இறக்கிய வண்டிக்காரன் சொல்லியிருந்தான்.

 எலியேசர் ராஜாவை நிமிர்ந்து, இதற்குமேல் கேட்காதீர்கள் என்று கெஞ்சுவதுபோல ஒரு பார்வை பார்த்தார். ராஜா அதைக் குற்றவாளியின் முழி என்று எடுத்துக்கொண்டார்.

"முழிக்கிறதப் பாரு. ரெங்கம்மா, நீயும் பாத்துக்கோ."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ரெங்கம்மாள்.

"சாயத்துல ஏதும் கோளாறு இருக்கலாம் ராஜா" என்றார் எலியேசர்.

"அப்படியா? அப்ப வித்தவன் மேல கேஸ் போட்டுருவோம். கோர்ட்டுல வந்து சொல்லு."

"கோர்ட்டுல சொல்ற அளவுக்கு நிச்சயமாத் தெரியல."

"நிச்சயமான காரணம் தெரியாம இந்தக் கம்பளம் வாசல் தாண்டாது. நீயும் தாண்ட மாட்ட."

கறை போய்விட்டால் காரணமும் போய்விடும் என்று எலியேசருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. ஓர் எலுமிச்சம்பழம் கிடைக்குமா என்று கேட்டார். ரெங்கம்மாளே எழுந்துபோய் அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எலியேசர் ஒரு புள்ளியின் மேல் பிழிந்தார். கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பு கலைந்து மஞ்சளானது.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்று சிரித்தார். எலியேசர் மூச்சு விட்டார். மற்ற புள்ளிகளிலும் பிழிந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் ராஜா குனிந்து கம்பளத்தை உற்றுப் பார்த்தார்.

"சரி, செவப்பு போச்சு. இந்த மஞ்சள் எங்கருந்து வந்துச்சு?"

 ரெங்கம்மாள் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏமண்டி, அவர ஏன் கேக்கிறீக? இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அடுப்படிக் கைத்துணி தொவைக்கேன். மஞ்சள் போட்ட கொழம்புக் கறைல சவக்காரமோ சோடாவோ பட்டாச் செவக்கும். எலுமிச்சம்பழம் பட்டா மஞ்சளாகும்."

"கொழம்பா? இங்க யாரு கொழம்பு..." என்று தொடங்கிய ராஜா பாதியில் நிறுத்தினார். பிறையைப் பார்த்தார். அதற்கு எதிரே தாம் உட்காரும் இடத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவர் காரணம் கேட்கவில்லை.

ரெங்கம்மாள் எலியேசர் பக்கம் திரும்பினாள். "தூசி தட்டுறப்ப வேற ஏதும் விழுந்துச்சா?"

எலியேசருக்குப் பொய் சொல்ல வராது. "பூனை கொண்டுவந்து போட்டிருக்கும்னு நெனைச்சேன் அம்மா."

"நம்ம வீட்ல பூனை இல்ல."

ஆலைக் கணக்குப்பிள்ளை மதியந்தோறும் மாடிக்கு ஏன் தூக்குச்சட்டியோடு போய்வந்தான் என்பது அன்றைக்கு வெளிச்சமானது. எலியேசர் மீதிப் புள்ளிகளையும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். ரெங்கம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். "செவப்பாவே இருக்கட்டும். அவிய தெனமும் பாக்கட்டும்."

மறுநாள் வந்த மதராஸ் வியாபாரி அந்தப் பிறையைப் பார்த்து, காஷ்மீரத்து வேலைப்பாடே தனி என்று வியந்தாராம். ஆமாம் என்று சொல்வதைத் தவிர ராஜாவுக்கு வேறு வழியில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கம்பளம் அடிக்கடி கிணற்றடிக்கு வர ஆரம்பித்தது. "சோடா போட்டே வெளுக்கணுமாம், அம்மா சொன்னாக" என்பான் வண்டிக்காரன். செய்தி பரவி வேறு சில வீட்டு அம்மாமார்களும் சோடா கேட்டார்கள். ஒருநாள் சிங்கராஜாவே தனியாகக் காரில் வந்து இறங்கினார்.

"இந்தத் தடவ சோடா வேண்டாம் எலியேசர்."

"சரி ராஜா. ஆனா அம்மா கேட்டாச் சொல்லிருவேன்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா நானாப் போயிச் சொல்ல மாட்டேன்."

ராஜா சற்று யோசித்தார். "அவ கேப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த வருடத்திலேயே அவருக்குக் குடல்புண் ஆறிவிட்டது. வைத்தியர் தன்னுடைய சூரணத்தால் ஆறியது என்றார். இருந்தாலும் பத்தியத்தை விடக்கூடாது என்று ரெங்கம்மாள் பிடிவாதமாக இருந்தாள். அவருக்கு மனக்குறை வரக்கூடாதென்று தானும் அதே மோர்க்கஞ்சிதான் குடிப்பதாக உறவுக்காரர்கள் முன்னால் சொல்லியும்விட்டாள்.

பிறகு ஒரு கோடையில் ராஜா வழக்கு விஷயமாக மதராஸ் போய் வெகுநாள் தங்கவேண்டி வந்தது. போவதற்கு ஒரு வாரம் முன்பு வெளுத்த கம்பளம், அவர் திரும்பி வருவதற்குள் மறுபடி வந்தது. எலியேசர் சோடா போட்டார். ராஜா உட்காரும் பக்கம் பழைய சிவப்பெல்லாம் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. எதிர் மூலையில், சன்னல் ஓரமாக, புதிதாக ஒரு பிறை சிவந்தது. அங்கே தூசி தட்டியபோது எலும்புத் துண்டுகளோடு கிள்ளிய வெற்றிலை நரம்புகளும் விழுந்திருந்தன.

எலியேசர் செல்லத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அவளே போய் எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்தாள். இருவரும் சேர்ந்து சுவடே தெரியாமல் எடுத்து அலசி அனுப்பினார்கள்.

சில நாளில் ரெங்கம்மாளே வண்டியில் வந்து இறங்கினாள். முகத்தில் கோபம்.

"என்ன எலியேசர், ஒழுங்கா வெளுக்கலையா? அவிய ஊருக்குப் போறதுக்கு மொத நாள் மாடில ஒரே கறி வாசனை. ஒரு பொட்டுச் செவப்புக்கூட வரலையே. சோடா போட்டீரா இல்லையா?"

"போட்டேன் அம்மா."

"பொறவு?"

எலியேசர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் சொல்லிவிடுவது என்பது அவர் வைத்திருந்த முறை.

"செவப்பு வந்துச்சு அம்மா. ராஜா உக்கார்ற பக்கம் இல்ல. சன்னலோரம். தப்பு என்மேலதான், கேக்காமலே எலுமிச்சம்பழம் போட்டுட்டேன்."

ரெங்கம்மாள் கிணற்றைப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த வக்கீல் வீட்டுக் கம்பளத்தைப் பார்த்தாள். செல்லத்தாய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ரெங்கம்மாள் நின்றபடியே குடித்து முடித்தாள்.

"உப்புக் கம்மியா இருக்கு" என்றாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு எலியேசரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். வண்டி கிளம்பிப் போனது.

"கோவிச்சுக்கிட்டாகளா?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"இல்ல. அவுக கம்பளத்துக்கு இனிமே பூந்திக்கொட்டையே போதுமாம்" என்றார் எலியேசர். "அடுத்த வாரம் அவுக மச்சான் வீட்டுக் கம்பளம் வருதாம். அதுல சோடா கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னாக."